அத்தியாயம் 6: நீளச் சொல்லை நறுக்கிப் படிப்பது

மருத்துவமனை வரவேற்புக் கூடத்தில் ஒரு பெயர்ப்பலகை. டாக்டரின் பெயருக்குக் கீழே அவருடைய துறை. அண்ணாந்து பார்த்தபடி நின்ற ஒருவர் ‘காஸ்ட்ரோ...’ என்று தொடங்கி, அதோடு நிறுத்திவிட்டு, பக்கத்தில் இருந்தவரிடம் “வயித்து டாக்டருங்களா?” என்று கேட்டார். கேட்டது சரிதான். முதல் துண்டைப் படித்ததுமே அவருக்குப் பொருள் பிடிபட்டுவிட்டது. மீதியை எங்கே வெட்டுவது என்று தெரியாததால் வாய் மூடிக்கொண்டது.

நீளமான ஆங்கிலச் சொல்லைக் கண்டால் நம்மில் பலர் இப்படித்தான் நிற்கிறோம், அல்லது மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரே ஓட்டமாக ஓடிக் கடக்கிறோம். இரண்டும் வேண்டாம். சொல்லை மூன்று விதமாக வெட்டலாம். அசையாக வெட்டினால் வாய்க்கு அடங்கும். அழுத்தம் எங்கே என்று கண்டுபிடித்தால் கேட்பவர் காதுக்குப் புரியும். பகுதி, விகுதி என்று பிரித்தால் அகராதி இல்லாமலே பொருள் பாதி தெரியும். மூன்றையும் வரிசையாகப் பார்ப்போம். உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த தமிழ் இலக்கணமே இதில் பாதி வேலையைச் செய்துவிடும்.

1. புள்ளி வைக்காத எழுத்தை எண்ணுங்கள்

ஆங்கிலத்தில் எழுத்துக் கணக்கு வேறு, அசைக் கணக்கு வேறு. ‘ஐடியா’ என்ற சொல்லுக்கு ஆங்கிலத்தில் 4 எழுத்துதான், அசையோ 3. வலிமைகள் என்று பொருள்படும் ‘ஸ்ட்ரெங்த்ஸ்’ என்ற சொல்லுக்கு 9 எழுத்து. அசை ஒன்றே ஒன்று. எழுத்தைப் பார்த்து பயந்தால் எளிய சொல் கடினமாகத் தெரியும்.

அசையை எப்படி எண்ணுவது? ஓர் அசைக்கு ஓர் உயிரொலி. அவ்வளவுதான் சூத்திரம். தமிழ் எழுத்து இதற்கு அருமையான கருவி. சொல்லை அதன் சரியான உச்சரிப்பில் தமிழில் எழுதுங்கள். புள்ளி வைத்த எழுத்துகளையும் ஆய்தத்தையும் விட்டுவிட்டு மற்றவற்றை எண்ணுங்கள். ‘ஸ்ட்ரெங்த்ஸ்’ என்பதில் புள்ளி இல்லாத எழுத்து ‘ரெ’ மட்டும், எனவே ஓரசை. ‘எஜுகேஷன்’ என்பதில் எ, ஜு, கே, ஷ. எனவே நான்கு அசை. ‘டேபிள்’ என்பதில் டே, பி; இரண்டு.

இரண்டு எச்சரிக்கைகள். ‘நியூஸ்’ என்று நாம் இரண்டு உயிர்மெய்யாக எழுதுவது ஆங்கிலத்தில் ஓரசை. அதை ‘ந்யூஸ்’ என்று எழுதினால் கணக்கு சரியாகிவிடும். அடுத்தது, யாப்பிலக்கணத்தில் படித்த நேரசை, நிரையசையோடு இதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். ‘கடல்’ யாப்பில் ஒரே நிரையசை. இங்கே க-டல் என்று இரண்டு அசை.

எழுதிப் பார்க்க நேரம் இல்லையென்றால் புறங்கையை முகவாய்க்கட்டைக்குக் கீழே வைத்துக்கொண்டு சொல்லை நிதானமாகச் சொல்லுங்கள். ஒவ்வோர் உயிரொலிக்கும் தாடை ஒருமுறை இறங்கும். எத்தனை முறை கையில் தட்டுகிறதோ கிட்டத்தட்ட அத்தனை அசை.

2. நாம் சேர்க்கும் அசை, அவர்கள் விழுங்கும் அசை

அசைக் கணக்கில் நாம் செய்யும் தவறுகள் இரண்டு வகை.

முதல் வகை, இல்லாத அசையைச் சேர்ப்பது. இரண்டு மெய்கள் ஒட்டி வந்தால் நம் நாக்கு நடுவில் ஓர் உயிரைச் செருகும். ‘ஃபில்ம்’ ஓரசை, அதை ‘ஃபிலிம்’ ஆக்கி இரண்டசையாக்குகிறோம். ‘பஸ்’ ஓரசை, ‘பஸ்ஸு’ இரண்டசை. வீட்டில் பேசும்போது இது தமிழாகிவிட்ட சொல், குற்றமில்லை. ஆங்கிலத்தில் பேசும்போது கடைசி ‘உ’வை நறுக்கிவிடுங்கள். இறந்தகால வினைகளில் இது இன்னும் முக்கியம். நடந்தான் என்பதற்கான ‘வாக்ட்’ ஓரசை, ‘வாக்கெட்’ அல்ல. வேர்ச்சொல் ‘ட்’ அல்லது ‘ட’கரத்தின் மெல்லிய ஒலியில் முடிந்தால் மட்டும் ஓர் அசை கூடும்: வான்ட், வான்-டட்.

இரண்டாம் வகை, அவர்கள் விழுங்கிவிட்ட அசையை நாம் எழுத்தைப் பார்த்து உயிர்ப்பிப்பது. வசதியான என்று பொருள்படும் சொல்லை நாம் ‘கம்-ஃபோர்-டே-பிள்’ என்று நான்கு அசையாக்கி, கடைசியில் ஒரு மேசையையும் போட்டுவிடுகிறோம். பேச்சில் அது கம்ஃப்-ட-பிள், மூன்றே அசை. காய்கறிக்கு வெஜ்-ட-பிள். வியாபாரத்துக்கு பிஸ்-னஸ். சாக்லேட்டுக்கு சாக்-லட். இவை அனைத்தும் தினசரி வாயில் புழங்கும் சொற்கள். அதிகம் புழங்குவதால்தான் தேய்ந்தன.

3. அழுத்தம்: ஒன்று எழும், மற்றவை பதுங்கும்

தமிழில் எந்த அசையை அழுத்திச் சொன்னாலும் சொல்லின் பொருள் மாறாது. பொருளை மாற்றுவது குறில் நெடில்: கல், கால். ஆங்கிலத்தில் அசைகளுக்குள் ஒன்று தலைவன். அது சற்று நீளும், குரல் சற்று உயரும், உயிரொலி தெளிவாகக் கேட்கும். சுற்றியுள்ளவை குறுகி மங்கும். இந்த அத்தியாயத்தில் அழுத்தம் விழும் அசைக்கு முன்னால் ˈ என்ற சிறு கோட்டைப் போடுகிறேன். அகராதிகளிலும் இதே குறிதான்.

பலர் அழுத்தம் என்றதும் அந்த அசையைக் கத்துகிறார்கள். கத்தத் தேவையில்லை. கடினமான வேலை எதிர்ப்பக்கம் இருக்கிறது. அழுத்தம் இல்லாத அசைகளை மெலிக்க வேண்டும். வாழைப்பழத்துக்கான ஆங்கிலச் சொல்லில் ‘ஏ’ என்ற எழுத்து மூன்று இடத்தில் வரும். நடுவில் உள்ளதற்கு மட்டும்தான் ‘ஆ’ ஒலி: ப-ˈனா-ன. முதலும் கடைசியும் வாயை அதிகம் திறக்காமல் சொல்லும் மங்கலான ‘அ’. இந்த மங்கல் ஒலிக்கு ‘ஷ்வா’ என்று பெயர். ஆங்கிலப் பேச்சில் மிக அதிகமாக வரும் உயிரொலி இதுதான். அகராதியில் சிறிய ‘இ’ எழுத்தைத் தலைகீழாகக் கவிழ்த்த குறியாக இருக்கும்.

உயிரொலியை மெலிப்பது நமக்குப் புதிது என்று நினைக்காதீர்கள். ‘பசு’ என்பதில் உள்ள உகரத்தையும் ‘பாட்டு’ என்பதில் உள்ள உகரத்தையும் சொல்லிப் பாருங்கள். முதலாவது முழு ஒரு மாத்திரை. இரண்டாவது குறுகி அரை மாத்திரை. குற்றியலுகரம் என்று பள்ளியில் படித்தது இதைத்தான். அந்தக் குறுக்கத்தை ஆங்கிலத்தில் உகரத்துக்கு மட்டுமின்றி எல்லா உயிருக்கும் செய்கிறார்கள். இந்த ஒரு விஷயம் பிடிபட்டால் உச்சரிப்பு சட்டென்று மாறும்.

அழுத்தம் இடம் மாறினால் பொருளே மாறும் சொற்களும் உண்டு. ˈரெ-கார்ட் என்றால் பதிவு, பெயர்ச்சொல். ரி-ˈகார்ட் என்றால் பதிவு செய், வினைச்சொல். ˈப்ரெ-ஸன்ட் பரிசு, ப்ரி-ˈஸென்ட் வழங்கு. இரண்டசைச் சொல் பெயராகவும் வினையாகவும் வந்தால், பெயருக்கு முன்னசையிலும் வினைக்குப் பின்னசையிலும் அழுத்தம் விழுவது வழக்கம். பாலைவனத்துக்கு ˈடெ-ஸர்ட். சாப்பாட்டுக்குப் பின் வரும் இனிப்புக்கு டி-ˈஸர்ட். ஹோட்டலில் இரண்டாவதைக் கேளுங்கள்.

4. விகுதியைப் பாருங்கள், அழுத்தம் தெரியும்

ஒவ்வொரு சொல்லுக்கும் அழுத்தத்தை மனப்பாடம் செய்ய முடியாது. நல்லவேளையாக, நீளச் சொற்களில் அழுத்தத்தைத் தீர்மானிப்பது பெரும்பாலும் வால். எனவே சொல்லின் கடைசியை முதலில் பாருங்கள்.

அ) தனக்கு முந்தைய அசையில் அழுத்தத்தை வைக்கும் விகுதிகள்: ‘ஷன்’, ‘இக்’, ‘இட்டி’. எ-ஜு-ˈகே-ஷன், இன்-ஃபர்-ˈமே-ஷன், இ-ˈலெக்-ட்ரிக், இ-லெக்-ˈட்ரி-ஸி-டி. விலக்குகளும் உண்டு: ˈடெ-லி-வி-ஷன், ˈபா-லி-டிக்ஸ், ˈஅ-ர-பிக்.

ஆ) ‘ஆலஜி’, ‘ஆக்ரஃபி’ என்று முடியும் துறைப் பெயர்கள்: அந்த ‘ஆ’ மேல் அழுத்தம். கார்-டி-ˈஆ-ல-ஜி, நெ-ˈஃப்ரா-ல-ஜி, ஜி-ˈயா-க்ர-ஃபி.

இ) ‘ஓஸிஸ்’ என்று முடியும் நோய்ப் பெயர்களில் பெரும்பாலும் ‘ஓ’ மேல்: ஸி-லி-ˈகோ-ஸிஸ், ட்யூ-பர்-க்யு-ˈலோ-ஸிஸ்.

ஈ) அழுத்தத்தைத் தானே வாங்கிக்கொள்ளும் விகுதிகள்: ‘ஈஸ்’, ‘ஈ’, ‘ஈயர்’. ஜா-ப-ˈனீஸ், ரெ-ஃப்யூ-ˈஜீ. இன்ஜினியர், வாலன்டியர் இரண்டிலும் கடைசி அசைமேல்தான் அழுத்தம். நாம் வழக்கமாக முதலசையை அழுத்துகிறோம். விலக்கு: க-ˈமி-டி.

உ) அழுத்தத்தைத் தொடாத விகுதிகள்: ‘நஸ்’, ‘ஃபுல்’, ‘லஸ்’, ‘லி’, ‘இங்’, ‘மன்ட்’. வேர்ச்சொல்லில் எங்கே இருந்ததோ பெரும்பாலும் அங்கேயே இருக்கும். எம்-ˈப்ளாய், எம்-ˈப்ளாய்-மன்ட், அன்-எம்-ˈப்ளாய்-மன்ட். அதேபோல் டி-ˈவெ-லப், டி-ˈவெ-லப்-மன்ட். ‘டெவலப்மென்ட்’ என்று முதல் அசையில் ஓங்கி அடிப்பது நம் ஊர் வழக்கம்.

ஏன் இப்படி இரு கட்சி? 1066-இல் நார்மானியர் இங்கிலாந்தைக் கைப்பற்றிய பிறகு பிரெஞ்சுச் சொற்கள் அந்த மொழிக்குள் கொட்டின. லத்தீனும் கிரேக்கமும் படிப்பின் வழியாக வந்து சேர்ந்தன. அப்படி வந்த விகுதிகளில் பல, அழுத்தத்தைத் தம் பக்கம் இழுக்கும். ‘நஸ்’, ‘ஃபுல்’, ‘லஸ்’, ‘லி’, ‘இங்’ போன்றவை பழைய ஆங்கிலத்தின் சொந்தச் சரக்கு. அவை சொல்லைத் தொந்தரவு செய்வதில்லை.

இந்த இழுபறியை ஒரே குடும்பத்தில் பார்க்கலாம். படம்: ˈஃபோ-ட-க்ராஃப். படம் எடுப்பவர்: ஃப-ˈடா-க்ர-ஃபர். படம் சார்ந்த: ஃபோ-ட-ˈக்ரா-ஃபிக். வேர் ஒன்றுதான். அழுத்தம் ஒன்றாம் அசை, இரண்டாம் அசை, மூன்றாம் அசை என்று நகர்கிறது. அழுத்தம் விலகியதும் ‘ஃபோ’ என்ற தெளிவான ஒலி ‘ஃப’ என்று மங்குகிறது. அழுத்தம் வந்ததும் மங்கலாக இருந்த ‘ட’ ‘டா’ என்று விழிக்கிறது. மூன்றையும் அடுத்தடுத்து ஐந்து முறை வாய்விட்டுச் சொல்லுங்கள். இந்த அத்தியாயத்தின் சாரம் அதில் இருக்கிறது.

5. பகுபத உறுப்பிலக்கணம், ஆங்கிலத்துக்கும்

நன்னூல் சொல்லும் பகுபத உறுப்புகள் ஆறு: பகுதி, விகுதி, இடைநிலை, சாரியை, சந்தி, விகாரம். ‘படித்தான்’ என்பதை படி + த் + த் + ஆன் என்று தேர்வில் பிரித்திருக்கிறோம். ஆங்கிலச் சொல்லையும் அப்படிப் பிரிக்கலாம். ஒரு வேறுபாடு: தமிழில் உறுப்புகள் பகுதிக்குப் பின்னால்தான் வரிசை கட்டும், ஆங்கிலத்தில் முன்னாலும் ஒட்டும்.

பகுதிக்கு ஓர் உதாரணம், ‘போர்ட்’. லத்தீனில் சுமத்தல். இம்போர்ட் உள்ளே சுமந்து வருவது, எக்ஸ்போர்ட் வெளியே சுமந்து போவது, ட்ரான்ஸ்போர்ட் ஓரிடத்திலிருந்து மறு இடத்துக்குச் சுமப்பது, போர்ட்டபிள் சுமக்கக்கூடியது. இன்னொன்று ‘ட்ராக்ட்’, இழுத்தல். வயலில் இழுப்பது ட்ராக்டர், மனத்தை இழுப்பது அட்ராக்ட், பல்லைப் பிடுங்குவது எக்ஸ்ட்ராக்ட். ஒரு பகுதியைக் கற்றால் ஒரு குடும்பமே கைக்கு வரும்.

முன்னொட்டுகளில் நம்மைக் குழப்புவது இல்லை என்னும் பொருள் தரும் ‘இன்’. அது இம்பாஸிபிள், இல்லீகல், இர்ரெகுலர் என்று வேடம் மாற்றும். மரம் + கள் ‘மரங்கள்’ ஆகும்போது ‘ம்’ அடுத்த ஒலிக்கு இசைந்து ‘ங்’ ஆகிறதல்லவா? அதே புணர்ச்சிதான். அடுத்து வரும் ஒலிக்கு ஏற்ப ‘ன்’ மாறுகிறது.

இனி அந்தப் பெயர்ப்பலகைக்கு வருவோம். ‘காஸ்ட்ரோ’ இரைப்பை, ‘என்டரோ’ குடல், ‘லஜி’ இயல். இரைப்பை குடல் இயல். சொல்லும் முறை: காஸ்ட்-ரோ-என்-ட-ˈரா-ல-ஜி. பக்கத்து அறையில் காது மூக்கு தொண்டை டாக்டர் இருப்பார். அந்தத் துறையின் முழுப் பெயர் ஓ-டோ-ரை-னோ-லா-ரிங்-ˈகா-ல-ஜி. ‘ஓட்டோ’ காது, ‘ரைனோ’ மூக்கு, ‘லாரிங்கோ’ குரல்வளை. காண்டாமிருகத்துக்கு ரைனோஸரஸ் என்று பெயர் வந்ததும் இந்த மூக்கால்தான்: மூக்கில் கொம்பு உள்ளது.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். அசை வெட்டும் இடமும் பொருள் வெட்டும் இடமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. ஹெலிகாப்டரை எல்லோரும் ஹெலி, காப்டர் என்று பிரிப்பார்கள். அது கிரேக்கத்தின் சுருள், சிறகு என்ற இரு சொற்களால் ஆனது. பொருள்படி வெட்டினால் ‘ஹெலிகோ’, ‘ப்டர்’. வாய்க்கு ஒரு கத்தி, பொருளுக்கு வேறொரு கத்தி.

பிரிப்பதில் அளவும் வேண்டும். கார்ப்பெட்டில் காரும் இல்லை, செல்லப் பிராணியும் இல்லை. ‘ஹாம்பர்கர்’ என்பதில் பன்றி இறைச்சியைத் தேடாதீர்கள். அது ஹாம்பர்க் என்ற ஜெர்மன் நகரத்தின் பெயரிலிருந்து வந்தது. தவறாகப் பிரித்ததில்தான் ‘பர்கர்’ என்ற தனிச்சொல்லே பிறந்தது. நீங்கள் பிரித்த துண்டு வேறு இரண்டு மூன்று சொற்களிலும் அதே பொருளில் வருகிறதா என்று பாருங்கள். வந்தால் மட்டுமே அது உறுப்பு.

6. வாலிலிருந்து தலைக்கு

பிரித்தாயிற்று, இனி சொல்ல வேண்டும். பொறுப்பு என்று பொருள்படும் ‘ரிஸ்பான்ஸிபிலிட்டி’ என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம்.

முதல் படி: புள்ளியில்லா எழுத்துகளை எண்ணுங்கள். ரி, பா, ஸி, பி, லி, டி. ஆறு அசை.

இரண்டாம் படி: விகுதி ‘இட்டி’. எனவே அதற்கு முந்தைய அசையில் அழுத்தம்: ˈபி.

மூன்றாம் படி: கடைசியிலிருந்து கட்டிக்கொண்டு வாருங்கள்.

டி
லி-டி
ˈபி-லி-டி
ஸ-ˈபி-லி-டி
ஸ்பான்-ஸ-ˈபி-லி-டி
ரி-ஸ்பான்-ஸ-ˈபி-லி-டி

முன்னிருந்து தொடங்கினால் தலையில் உற்சாகம் இருக்கும், வாலில் மூச்சு முட்டும். பின்னிருந்து கட்டினால் வால் பலமுறை பழகிவிடும். ஒவ்வொரு முறையும் தெரிந்த இடத்தை நோக்கியே நாக்கு போகும்.

நான்காம் படி: ‘ஸி’ என்று எழுத்தில் இருந்தது ‘ஸ’ என்று மங்கியதைக் கவனித்து, ˈபி தவிர மற்றவற்றை மெலித்து, இயல்பான வேகத்தில் மூன்று முறை சொல்லுங்கள். ஐந்தாம் படி: அதை ஒரு வாக்கியத்தில் வையுங்கள். தனியாகச் சொன்ன சொல் பேச்சில் நழுவிவிடும்.

7. அகராதியைப் படிக்கும் முறை

மேலே நிற்கும் ˈ முதன்மை அழுத்தம். கீழே தொங்கும் ˌ துணை அழுத்தம். பெரும்பாலும் நீளச் சொற்களில் வரும். தொடக்கத்தில் அதைப் பற்றிக் கவலைப்படாமல் முதன்மை அழுத்தத்தை மட்டும் பிடியுங்கள். சில அமெரிக்க அகராதிகளில் தலைச்சொல்லுக்கு நடுவே புள்ளிகள் இருக்கும். அவை வரியின் கடைசியில் சொல்லை எங்கே உடைத்து எழுதலாம் என்பதற்கான குறிகள். அவற்றை அப்படியே அசை என்று எடுத்துக்கொள்ளாமல், அருகில் உள்ள உச்சரிப்புக் குறியைப் பாருங்கள்.

பிரிட்டிஷ், அமெரிக்க வழக்குகள் சில சொற்களில் மோதும். ஆய்வகத்துக்கு பிரிட்டனில் ல-ˈபா-ர-ட்ரி, அமெரிக்காவில் முதல் அசையில் அழுத்தம். விளம்பரத்துக்கு பிரிட்டனில் அட்-ˈவர்-டிஸ்-மன்ட், அமெரிக்காவில் மூன்றாம் அசையில் அழுத்தம். இரண்டும் சரி. ஏதாவது ஒன்றைத் தேர்ந்துகொண்டு அதிலேயே நில்லுங்கள்.

8. பயிற்சி

விடையை மூடிவைத்துக்கொண்டு, கீழுள்ளவற்றின் அசையையும் அழுத்தத்தையும் குறியுங்கள்: எகானமி, எகனாமிக், எக்ஸாமினேஷன், ஆப்பர்ச்சூனிட்டி, மைக்ரோஸ்கோப், மைக்ரோஸ்கோபிக், அன்கம்ஃபர்ட்டபிள்.

விடை: இ-ˈகா-ன-மி, ஈ-க-ˈனா-மிக், இக்-ஸா-மி-ˈனே-ஷன், ஆ-ப-ˈட்யூ-னி-டி, ˈமை-க்ர-ஸ்கோப், மை-க்ர-ˈஸ்கா-பிக், அன்-ˈகம்ஃப்-ட-பிள்.

இப்போது ஒரு மலை. ஆங்கில அகராதிகளில் உள்ள மிக நீளமான சொற்களில் ஒன்று, 45 எழுத்து. 1935-இல், நீளத்துக்காகவே உருவாக்கப்பட்ட ஒரு நோய்ப் பெயர்:

ந்யூ-மோ-னோ | அல்-ட்ர | மை-க்ரோ-ஸ்கா-பிக் | ஸி-லி-கோ | வால்-கே-னோ | கோ-னி-ˈஓ-ஸிஸ்

நுரையீரல், மிக, நுண்ணிய, சிலிக்கா, எரிமலை, தூசி நோய். 19 அசை, ஆறு துண்டு. முதன்மை அழுத்தம் நாம் பார்த்த விதிப்படியே ‘ஓ’ மேல். கடைசித் துண்டிலிருந்து கட்டிப் பாருங்கள். பத்து நிமிடத்தில் வசப்படும். டாக்டர்கள் இதைச் சொல்வதில்லை. கல்லுடைக்கும் தொழிலாளரை வாட்டும் அந்த வகை நோய்க்கு அவர்கள் சொல்வது ஸி-லி-ˈகோ-ஸிஸ், நான்கே அசை.

நாளைக்கு ஒரு சொல் போதும். மருந்து அட்டையிலோ, வங்கிப் படிவத்திலோ, அலுவலக அறிவிப்பிலோ உங்களைத் தடுக்கிய சொல்லாக அது இருக்கட்டும். பென்சிலால் வெட்டுங்கள், கோடு போடுங்கள், வாய்விட்டுச் சொல்லுங்கள். கண்ணால் மட்டும் படித்த சொல் நாக்குக்கு ஒருபோதும் வராது.